ஆன்லைன் வகுப்பில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க வேண்டாம்?

கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்காகத்தான் இன்று பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வருகிறது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் வழங்கப்படும் எனத் தமிழக அரசு 2025 மார்ச் மாத பட்ஜெட்டில் அறிவித்தது. அப்படிக் கிடைத்ததோ, கடையில் தவணையில் வாங்கியதோ, பெட்டியைப் பிரித்தவுடன் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இதில் கிளாஸ் வருமா?" என்பதுதான். வரும். ஆனால் வகுப்பு வீட்டிற்குள் வரும்போது, வீட்டு விவரங்கள் சில வெளியே போகவும் செய்கின்றன. எவை போகின்றன, எவற்றை நிறுத்தலாம், எப்படி நிறுத்தலாம் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

நான் இருக்கும் புளியறை, தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டைக்கு அப்பால், கேரள எல்லையை ஒட்டி மலையடிவாரத்தில் உள்ள ஊர். சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆரியங்காவு மலைப்பாதை. இங்கிருந்து பஸ் ஏறித் தென்காசி, குற்றாலம், நெல்லை என்று கல்லூரிக்குச் செல்பவர்கள் பலர். யார் வீட்டிற்காவது புதிய லேப்டாப் வந்தால், அதைத் தயார் செய்து தர என்னை அழைப்பார்கள். அப்போது பார்த்தவற்றையும் கேட்டவற்றையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு போன் அழைப்பு

சென்ற ஆண்டு, இங்குள்ள கல்லூரி மாணவி ஒருவரின் தாயாருக்கு போன் வந்தது. அழைத்தவர் நல்ல தமிழில் பேசினார். மகளின் பெயர், படிக்கும் கல்லூரி, பாடப்பிரிவு, பதிவு எண், தந்தையின் பெயர் என எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். கல்வி உதவித்தொகை வந்திருப்பதாகவும், வாட்ஸ் அப்பில் அனுப்பும் க்யூஆர் கோடினை ஸ்கேன் செய்தால் பணம் கணக்கில் ஏறிவிடும் என்றும் கூறினார். "அவ காலேஜ் விட்டு வரட்டும் சார், கேட்டுட்டுச் சொல்றேன்" என்று தாயார் சொன்னதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். பணம் தப்பியது. ஆனால் மாலையில் அந்தத் தாயார் என்னிடம் கேட்ட கேள்வி முக்கியமானது: "இவ்வளவும் அவனுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

மகளுடன் உட்கார்ந்து தேடிப் பார்த்தோம். ஒரு மாதத்திற்கு முன், "இலவச ஆன்லைன் கோர்ஸ், சான்றிதழ் உண்டு" என்று ஒரு வாட்ஸ் அப் குரூப்பில் வந்த லிங்க்கில் கிளிக் செய்து, ஒரு கூகுள் பார்மில் விவரங்களை நிரப்பியிருக்கிறார். பெயர், கல்லூரி, பதிவு எண், தந்தை பெயர், தாயாரின் மொபைல் எண், ஆதார் எண் எல்லாம் அதில் கேட்கப்பட்டிருந்தன. அங்கிருந்துதான் விவரம் போனது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அழைத்தவர் சொன்ன ஒவ்வொன்றும் அந்தப் படிவத்தில் இருந்தது. உதவித்தொகை தருவதாக அழைத்து, க்யூஆர் கோட் அனுப்பிப் பெற்றோரிடம் பணம் பறிக்கும் மோசடி பற்றித் தமிழகக் காவல்துறையும் எச்சரித்துள்ளது. ஒன்றை மனதில் வையுங்கள். க்யூஆர் கோடினை ஸ்கேன் செய்து பின் நம்பர் கொடுத்தால் பணம் வெளியேதான் போகும், உள்ளே வராது.

ஒரே ஒரு சோதனைக் கேள்வி

எந்தத் தளமும், எந்த அப்ளிகேஷனும் ஒரு விவரத்தையோ அனுமதியையோ கேட்டால், உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: "பாடம் நடத்த இது தேவையா?" தேவை என்றால் கொடுக்கலாம். இல்லையென்றால் கொடுக்க வேண்டாம். சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

கூகுள் கிளாஸ்ரூம்: 2014ல் வெளியான இதில் ஆசிரியர் பாடக்குறிப்புகளைத் தருவார், நீங்கள் அசைன்மெண்ட் அனுப்புவீர்கள். இதற்கு ஒரு கூகுள் அக்கவுண்ட் போதும். உங்கள் இருப்பிடம் தேவையில்லை.

மீட், ஸூம்: நேரடி வகுப்பு நடத்துபவை. பேசும்போது மைக் தேவை. முகம் காட்டச் சொன்னால் மட்டும் கேமரா தேவை. போனில் உள்ள காண்டாக்ட்ஸ் பட்டியல் தேவையே இல்லை.

ஸ்வயம்: மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளம். 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்டது. கல்லூரி ஏற்றுக்கொண்டால், இங்கு படித்துத் தேறும் பாடங்களுக்கு உங்கள் பட்டப்படிப்பிலேயே கிரெடிட் கிடைக்கும். பாடத்தில் சேர ஓர் இமெயில் அக்கவுண்ட் போதும். தேர்வு எழுதும்போதுதான் அடையாள அட்டை தேவை.

என்பிடெல்: ஐஐடிக்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்துவது. இதன் வீடியோ பாடங்கள் யூட்யூபிலேயே கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்க பெயர், எண் எதுவும் தர வேண்டாம்.

நான் முதல்வன்: 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய திறன் வளர்ப்புத் திட்டம். இதற்கான விவரங்கள் உங்கள் கல்லூரி வழியாகவே செல்கின்றன. இதன் பெயரைச் சொல்லி, வாட்ஸ் அப்பில் வரும் தனிப்பட்ட லிங்க் எதிலும் விவரங்களைத் தர வேண்டாம். கல்லூரியில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

நம் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலேயே ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. எனவே வகுப்புக்கும் வேலைக்குமான சாப்ட்வேர்கள் எங்கோ வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஆனால் நம்மூர் சாப்ட்வேரோ, அமெரிக்க சாப்ட்வேரோ, அரசு சாப்ட்வேரோ, மேலே சொன்ன கேள்வி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

"என்னிடம் என்ன ரகசியம் இருக்கிறது?" என்று மாணவர்கள் சிரிப்பதுண்டு. நடந்த சிலவற்றைப் பாருங்கள்.

2019 டிசம்பரில் ஸூம் மீட்டிங்குகளில் ஒரு நாளில் கலந்துகொண்டவர்கள் அதிகபட்சம் 1 கோடி. கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச் மாதத்தில் இது 20 கோடியைத் தாண்டியது. அழைக்கப்படாதவர்கள் வகுப்புக்குள் நுழைந்து ஆபாசப் படங்களைக் காட்டிய நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நடந்தன. 2020 ஏப்ரல் 16 அன்று இந்திய உள்துறை அமைச்சகம், ஸூம் பாதுகாப்பான தளம் அல்ல என்று எச்சரித்து, தொடர்ந்து பயன்படுத்துவோர் மாற்ற வேண்டிய செட்டிங்குகளையும் பட்டியலிட்டது. அதன் பின்னர் ஸூம் பல பாதுகாப்பு வசதிகளைச் சேர்த்தது.

2020 மே மாதத்தில் அன்அகாடமி என்ற கல்வித் தளத்தின் பயனாளர் விவரங்கள் திருடப்பட்டது வெளியே தெரிந்தது. 2 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் விற்பனைக்கு வந்ததாக ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கூறியது. சுமார் 1 கோடியே 10 லட்சம் பேரின் விவரங்கள் என்று அன்அகாடமி கூறியது.

2022 மே மாதத்தில் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, 49 நாடுகளின் அரசுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்த ஆன்லைன் கல்வி சாதனங்களை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அவற்றில் 89 சதவீதம், பிள்ளைகளின் தகவல்களை அவர்கள் உரிமைக்குக் கேடு தரும் வகையில் கையாண்டதாகக் கண்டறிந்தது. 2023 ஜனவரியில், நம் நாட்டின் திக்ஷா அப்ளிகேஷன் சார்ந்த ஒரு சர்வர் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்ததும், 10 லட்சத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், சுமார் 6 லட்சம் மாணவர்கள் ஆகியோரின் விவரங்கள் அதில் இருந்ததும் தெரியவந்தன.

இவற்றில் மாணவர் செய்த தவறு எதுவும் இல்லை. கொடுத்த விவரம் ஒரு நாள் வெளியே வரலாம் என்பதுதான் பாடம். கொடுக்காத விவரம் வெளியே வர வழியே இல்லை. சரி, இப்போது செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

1. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் அக்கவுண்ட்

ஒரு லேப்டாப்பினை அண்ணன், தங்கை, அப்பா என மூவர் பயன்படுத்துவது வழக்கம். மூவருக்கும் ஒரே அக்கவுண்ட் இருந்தால், தங்கையின் கிளாஸ்ரூமும் அண்ணனின் கேம்ஸும் அப்பாவின் பேங்க் பைலும் ஒன்றாகக் கிடக்கும். எனவே ஸ்டார்ட் அழுத்தி, செட்டிங்ஸ் சென்று, அக்கவுண்ட்ஸ் என்பதில் கிளிக் செய்திடவும். அங்கு அதர் யூசர்ஸ் என்ற பிரிவு இருக்கும். (சில விண்டோஸ் பதிப்புகளில் பேமிலி அண்ட் அதர் யூசர்ஸ் என்று இருக்கும்.) அதில் ஆட் அக்கவுண்ட் கிளிக் செய்து, ஒவ்வொருவருக்கும் தனி அக்கவுண்ட்டும் பாஸ்வேர்டும் அமைத்திடவும். எழுந்து செல்லும்போது விண்டோஸ் கீயுடன் எல் கீயை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.

2. படிப்புக்குத் தனி பிரவுசர் புரொபைல்

குரோம் பிரவுசரில் மேல் வலது மூலையில் உங்கள் படமோ, ஒரு வட்டமோ இருக்கும். அதில் கிளிக் செய்து, புதிய புரொபைல் சேர்க்கும் பிரிவைத் தேர்ந்தெடுக்கவும். "காலேஜ்" என்று பெயர் கொடுத்து, கல்லூரி தந்த இமெயிலை அதில் மட்டும் பயன்படுத்தவும். இதனால் வகுப்பில் திரையைக் காட்டும்போது, நீங்கள் வீட்டில் பார்த்த யூட்யூப் வீடியோக்களும், தேடிய சொற்களும் அட்ரஸ் பாரில் எட்டிப் பார்க்காது. ஆனால் குரோம் புரொபைலுக்குத் தனிப் பூட்டு இல்லை. அருகில் இருப்பவர் ஒரே கிளிக்கில் உங்கள் புரொபைலுக்கு மாறிவிடலாம். எனவே முதலில் சொன்ன விண்டோஸ் அக்கவுண்ட் அவசியம்.

கல்லூரி தரும் அக்கவுண்ட் பற்றி இரண்டு செய்திகள். அது கல்லூரியின் சொத்து. அதன் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை மாற்றவும், தேவைப்பட்டால் உள்ளே இருப்பதைப் பார்க்கவும் முடியும். எனவே வீட்டுப் படங்களையும் சொந்தக் கடிதங்களையும் அதில் வைக்க வேண்டாம். இரண்டாவது, படிப்பு முடிந்ததும் அது மூடப்படலாம். கடைசி செமஸ்டரிலேயே கூகுள் டேக்அவுட் வசதி மூலம் உங்கள் பைல்களை டவுண்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. கேமரா, மைக் அனுமதி

வகுப்புத் தளம் முதன்முதலாகத் திறக்கும்போது, கேமராவையும் மைக்கையும் பயன்படுத்தலாமா என்று பிரவுசர் கேட்கும். "அலவ் திஸ் டைம்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், அனுமதி அந்த முறைக்கு மட்டுமே. தினமும் வகுப்பு நடக்கும் தளத்திற்கு மட்டும் நிரந்தர அனுமதி கொடுக்கலாம். ஏற்கனவே கொடுத்த அனுமதியை நீக்க, அட்ரஸ் பாரில் முகவரிக்கு இடது பக்கம் உள்ள சிறிய ஐகானில் கிளிக் செய்திடவும். கேமரா, மைக் எதிரே உள்ள ஸ்விட்சுகளை ஆப் செய்திடவும்.

கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்த புரோகிராம்களைச் சோதிக்க, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கேமரா என்று செல்லவும். எந்தெந்தப் புரோகிராம்கள் கேமராவைப் பயன்படுத்துகின்றன என்ற பட்டியல் கிடைக்கும். போனில் இதே வேலையை, செட்டிங்ஸில் ஆப்ஸ் பிரிவு சென்று, ஒவ்வொரு அப்ளிகேஷனிலும் பெர்மிஷன்ஸ் என்பதைத் தொட்டுச் செய்யலாம். வகுப்பு அப்ளிகேஷனுக்கு காண்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ், லொகேஷன் அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள். வகுப்பு நின்றுவிடாது.

4. நேரடி வகுப்பில்

எங்கள் பகுதியில் பல வீடுகளில் வகுப்பு நடக்கும் அறைதான் சமையலறைக்குச் செல்லும் வழியும். தாயார் கடந்து போவதும், தாத்தா கட்டிலில் படுத்திருப்பதும் 60 பேருக்குத் தெரியும். சுவரை முதுகுக்குப் பின் வைத்து உட்காருங்கள். அதற்கு இடமில்லை என்றால், மீட், ஸூம் இரண்டிலுமே பின்னணியை மங்கலாக்கும் வசதி உண்டு. வகுப்பில் நுழைவதற்கு முன் தெரியும் உங்கள் சொந்தப் படத்தின் மேலேயே இதற்கான ஐகானைக் காணலாம்.

திரையைக் காட்டச் சொன்னால், முழுத் திரை என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு விண்டோ அல்லது ஒரு டேப் என்பதைத் தேர்ந்தெடுத்தால், பிரசன்டேஷன் மட்டும் தெரியும். முழுத் திரையைக் காட்டும்போது வாட்ஸ் அப் செய்தி ஒன்று மூலையில் தோன்றினால், அதையும் வகுப்பே படிக்கும்.

வகுப்பு லிங்க்கினை மற்ற குரூப்களில் போடாதீர்கள். செமினார் நடத்தும் பொறுப்பு உங்களுக்குத் தரப்பட்டால், வெயிட்டிங் ரூம் வசதியை ஆன் செய்து, திரையைக் காட்டும் உரிமையை ஹோஸ்டுக்கு மட்டும் வைத்திடவும். 2020ல் உள்துறை அமைச்சகம் சொன்னவற்றில் முக்கியமானவை இவை.

5. வாட்ஸ் அப் குரூப்

வகுப்புக்கு வகுப்பு ஒரு குரூப் இருக்கிறது. இதில் பலர் கவனிக்காதது, குரூப்பில் சேர்ந்தவுடன் உங்கள் மொபைல் எண் அங்குள்ள அனைவருக்கும் தெரிகிறது என்பது. வாட்ஸ் அப் செட்டிங்ஸில் பிரைவசி பிரிவு சென்று, புரொபைல் போட்டோ, லாஸ்ட் சீன் ஆகியவற்றை மை காண்டாக்ட்ஸ் என மாற்றவும். அங்கேயே குரூப்ஸ் என்பதிலும் மை காண்டாக்ட்ஸ் என வைத்தால், முன்பின் தெரியாதவர் உங்களை ஏதோ ஒரு குரூப்பில் சேர்க்க முடியாது. மாணவிகள் இதை இன்றே செய்துவிடுவது நல்லது. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து இரவில் வரும் "ஹாய்" செய்திகள் பல, இத்தகைய குரூப்களில் எடுத்த எண்களுக்கே வருகின்றன. பதில் அனுப்பாமல் பிளாக் செய்திடவும், வீட்டில் சொல்லிவிடவும்.

6. பார்ம், பைல், ஆதார்

கூகுள் பார்ம் யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் தயாரிக்கக்கூடியது. மேலே கல்லூரியின் சின்னம் இருப்பதால் அது கல்லூரியின் படிவம் ஆகிவிடாது. யார் அனுப்பியது என்று வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓடிபி ஆகியவற்றை இதில் தரவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் பார்மின் அடியில் உள்ள ரிப்போர்ட் வசதி மூலம் கூகுளுக்குத் தெரிவிக்கலாம்.

கல்லூரிக்கு ஆதார் நகல் தர வேண்டியிருந்தால், மறைக்கப்பட்ட ஆதார் போதுமா என்று கேளுங்கள். மை ஆதார் தளத்தில் டவுண்லோட் செய்யும்போது, மாஸ்க்டு ஆதார் என்பதில் டிக் செய்தால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் பைல் கிடைக்கும். இந்த பைலின் பாஸ்வேர்ட், பெயரின் முதல் 4 எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். உங்கள் பெயரும் வயதும் தெரிந்த யாரும் இதைத் திறக்கலாம். எனவே பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று கண்ட இடத்தில் விட்டு வைக்காதீர்கள். பட்டச் சான்றிதழில் முழு ஆதார் எண்ணை அச்சிடக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023ல் பல்கலைக்கழகங்களுக்கே அறிவுறுத்தியிருக்கிறது. சான்றிதழிலேயே வேண்டாம் என்றால், குரூப்பில் வரும் படிவத்தில் எதற்கு?

கூகுள் டிரைவில் அசைன்மெண்ட்டைப் பகிரும்போது, ரெஸ்ட்ரிக்டட் என்பதை வைத்து, ஆசிரியரின் இமெயிலை மட்டும் சேர்க்கவும். "எனிஒன் வித் த லிங்க்" என வைத்தால், லிங்க் கிடைத்த எவரும் திறக்கலாம். கையால் எழுதிய விடைத்தாளை ஸ்கேன் செய்யவும் தெரியாத அப்ளிகேஷன்கள் வேண்டாம். ஒரு காலத்தில் மாணவர்கள் எல்லாரும் வைத்திருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 அப்ளிகேஷன்களில் ஒன்று. போனில் உள்ள கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது.

7. பிரவுசிங் சென்டரில்

வீட்டில் பிரிண்டர் இல்லாதவர்கள் செங்கோட்டைக்கோ தென்காசிக்கோ சென்று ஹால் டிக்கெட் எடுக்கிறார்கள். இத்தகைய கடைகளின் கம்ப்யூட்டர்களில் டவுண்லோட்ஸ் போல்டரைத் திறந்தால், ஊரில் பாதிப் பேரின் மார்க் ஷீட்டும் ஆதாரும் வரிசையாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். கடைக்காரர் கெட்டவர் என்பதல்ல. யாரும் அழிப்பதில்லை, அவ்வளவுதான்.

குரோமில் கண்ட்ரோல், ஷிப்ட், என் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் இன்காக்னிட்டோ விண்டோ கிடைக்கும். அதில் லாக் இன் செய்து, வேலை முடிந்ததும் மூடிவிட்டால், நீங்கள் சென்ற தளங்கள் அங்கு பதிவாகாது. ஆனால் இதில் டவுண்லோட் செய்த பைல் அழியாது. டவுண்லோட்ஸ் போல்டரிலேயே இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, ஷிப்ட் கீயுடன் டெலீட் கீயை அழுத்தினால், ரீசைக்கிள் பின்னுக்குச் செல்லாமல் நீங்கிவிடும். லாக் அவுட் செய்தோமா என்ற சந்தேகம் பஸ்ஸில் வரும்போது வந்தால், போனில் கூகுள் அக்கவுண்ட் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பிரிவைத் திறந்து, யுவர் டிவைசஸ் பட்டியலில் அந்தக் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்து சைன் அவுட் செய்யலாம்.

8. ஏஐ சாட்பாட்கள்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பின்னர், பாடத்தில் சந்தேகம் கேட்க மாணவர்கள் அதைத்தான் நாடுகிறார்கள். சந்தேகம் கேட்பதில் தவறில்லை. ஆனால் "என் பெயர் இது, கல்லூரி இது, கட்டணம் கட்ட முடியவில்லை, முதல்வருக்குக் கடிதம் எழுதிக் கொடு" என்று எல்லாவற்றையும் எழுதுகிறோம். பெயருக்குப் பதில் வெறும் கோடு போட்டுக் கேளுங்கள். கடிதம் வந்த பின்னர் வேர்டில் நீங்களே நிரப்பிக்கொள்ளலாம். சாட்ஜிபிடியின் செட்டிங்ஸில் டேட்டா கன்ட்ரோல்ஸ் சென்று, "இம்ப்ரூவ் த மாடல் பார் எவ்ரிஒன்" என்பதை ஆப் செய்தால், உங்கள் உரையாடல் அதனைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தப்படாது. 2023 மார்ச் மாதத்தில் ஒரு சாப்ட்வேர் பிழையால், சிலருக்கு மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்துவிட்டன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

9. வீட்டிலிருந்து எழுதும் தேர்வு

2020 செப்டம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் இறுதி செமஸ்டர் தேர்வினை ஆன்லைனில் நடத்தியது. கேமரா, மைக் வழியாக செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேர் மாணவரைக் கண்காணித்தது. இது போன்ற தேர்வில் கேமரா வேண்டாம் என்று மாணவர் சொல்ல முடியாது. ஆனால் தயார் செய்துகொள்ளலாம். அறையில் சுவர்க் காலண்டர், ரேஷன் கார்டு, குடும்பப் படம் ஆகியவை கேமராவில் படாத மூலையைத் தேர்ந்தெடுங்கள். பதிவு எத்தனை நாள் வைத்திருக்கப்படும் என்று கல்லூரியில் கேளுங்கள். 2020ல் ப்ராக்டர்யு என்ற அமெரிக்கத் தேர்வுக் கண்காணிப்பு நிறுவனத்திலிருந்து 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயனாளர்களின் விவரங்கள் வெளியாயின. 2022 ஆகஸ்ட்டில் ஒஹையோவில் ஒரு பெடரல் நீதிமன்றம், தேர்வுக்கு முன் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்ன அரசுப் பல்கலைக்கழகத்தின் செயல் அந்நாட்டு அரசமைப்புக்கு எதிரானது எனத் தீர்ப்பளித்தது. கேள்வி கேட்பது வம்பு செய்வதாகாது.

தேர்வு முடிந்தவுடன் அந்த சாப்ட்வேரை நீக்கிவிடவும். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று சென்று, அதன் எதிரே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்தால் அன்இன்ஸ்டால் கிடைக்கும்.

10. பாஸ்வேர்ட்

எல்லாத் தளத்திற்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தால், ஒரு கல்வித் தளத்திலிருந்து கசிந்தது உங்கள் இமெயிலையும் திறந்துவிடும். இமெயிலுக்கு மட்டுமாவது வேறு எங்கும் பயன்படுத்தாத, நீளமான பாஸ்வேர்டை வைத்து, டூ ஸ்டெப் வெரிபிகேஷன் ஆன் செய்திடவும். "ஹேவ் ஐ பீன் பவ்ன்ட்" என்ற தளத்தில் உங்கள் இமெயில் முகவரியைத் தந்தால், அது எந்தெந்தத் திருட்டில் வெளியானது என்று காட்டும். பாஸ்வேர்டை அங்கே தர வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் 2023 ஆகஸ்ட்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், தவறைத் திருத்தச் சொல்லவும், தேவை முடிந்தவற்றை அழிக்கச் சொல்லவும் இச்சட்டம் உரிமை தருகிறது. 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்பதும் இதில் உண்டு. பிளஸ் டூ முடித்து முதலாம் ஆண்டில் சேரும் பலருக்கு 17 வயதுதான் என்பதால், பெற்றோர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். விரைவாகச் சொன்னால், பணம் அடுத்த கணக்கிற்கு மாறும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. படங்களை வைத்து மிரட்டினால், தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் தரலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பிரிவு அங்கே உள்ளது. வந்த செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன் ஷாட் எடுத்து வையுங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை வந்து சொன்னால் லேப்டாப்பைப் பிடுங்கி வைக்காதீர்கள். பிடுங்கி வைக்கப்படும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். அப்போது மிரட்டுபவனுக்குத்தான் வசதி.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

பத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். முதல் ஞாயிறு விண்டோஸ் அக்கவுண்ட்டும் குரோம் புரொபைலும் பிரியுங்கள். இரண்டாவது ஞாயிறு கேமரா, மைக், போன் அனுமதிகளைச் சோதியுங்கள். மூன்றாவது ஞாயிறு வாட்ஸ் அப் பிரைவசியையும் இமெயில் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். நான்காவது ஞாயிறு, வீட்டில் உள்ள பெரியவர்களை உட்கார வைத்து, உதவித்தொகை என்று போன் வந்தால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். இதற்கு கம்ப்யூட்டரே தேவையில்லை.